காமிக்ஸ் சிரிப்பைத் திரைக்குக் கொண்டுபோக எந்த வழி?

நாலு கட்டத்தில் முடியும் ஒரு காமிக்ஸ் துணுக்கு. முதல் கட்டத்தில் ஒருவர் புதிதாக வாங்கிய ரப்பர் படகைப் பிரித்துத் தரையில் விரிக்கிறார். சின்ன அறை. பக்கத்தில் மனைவி, கையில் குறிப்புச் சீட்டு: "வெளியே கொண்டுபோய்த்தான் காற்றடைக்கணுமாம்." இரண்டாவது கட்டம்: "எனக்குத் தெரியாதா?" என்றபடி கயிற்றை இழுக்கிறார். மூன்றாவது கட்டத்தில் வீட்டை வெளியிலிருந்து பார்க்கிறோம். அமைதி. மரத்தில் ஒரு காக்கை. நாலாவது கட்டம்: அதே வீடு, அதே காக்கை. எல்லா ஜன்னல்களிலும் ஆரஞ்சு நிற ரப்பர் பிதுங்கி நிற்கிறது. புகைப்போக்கி வழியாக ஒரு கை மட்டும் நீண்டிருக்கிறது, அதில் அந்தக் குறிப்புச் சீட்டு.

நாலாவது கட்டத்தைப் பார்த்துத்தான் சிரிக்கிறோம். ஆனால் அந்தச் சிரிப்பு பிறந்த இடம் மூன்றுக்கும் நாலுக்கும் நடுவே இருக்கும் அரை விரல் வெள்ளை இடைவெளி. படகு உப்பியது, நாற்காலி நசுங்கியது, மனிதர் புகைப்போக்கி வரை தள்ளப்பட்டது, இதில் எதையும் ஓவியர் வரையவில்லை. படிப்பவர்தான் கண நேரத்தில் மனசுக்குள் வரைந்துகொள்கிறார். தானே வரைந்ததால்தான் அவருக்கு அவ்வளவு சிரிப்பு.

இதையே அனிமேஷன் படத்தில் வையுங்கள். வினாடிக்கு 24 ஃபிரேம் ஓடுகிற இடத்தில் வெள்ளை இடைவெளி கிடையாது. மூன்று வழி இருக்கிறது. படகு உப்புவதை உள்ளேயிருந்தே முழுசாகக் காட்டலாம்: அலமாரி சாய்வது, விளக்கு உடைவது, மனிதர் உருளுவது. அல்லது காமிராவை வெளியே வைத்துக் காக்கையையே பார்த்துக்கொண்டிருக்கலாம். 'புஸ்ஸ்ஸ்' என்ற சத்தம் மட்டும் வளர்ந்துகொண்டே போகும், காக்கை மெதுவாகத் தலையைத் திருப்பும். அல்லது மனைவியின் முகத்தில் நிற்கலாம்: அவர் உட்கார்ந்திருக்கும் நாற்காலி கொஞ்சம் கொஞ்சமாக மேலே எழும்ப, அவர் எதுவும் நடக்காததுபோல் சீட்டின் இரண்டாவது பத்தியைப் படித்துக்கொண்டிருப்பார். முதல் வழியில் உடல் நகைச்சுவை, இரண்டாவதில் காத்திருப்பின் நகைச்சுவை, மூன்றாவதில் ஆளின் குணம். மூன்றுமே சிரிக்க வைக்கும், ஆனால் மூன்றும் வேறு வேறு படங்கள்.

ஒரு காமிக்ஸ் தொடரை நகைச்சுவை அனிமேஷன் படமாக்குவது என்று முடிவெடுக்கும்போதும் இதே கேள்விதான் பெரிய அளவில் வந்து நிற்கிறது. கையால் வரைவதா, கம்ப்யூட்டரில் செய்வதா, எந்த நட்சத்திரத்தின் குரல், எவ்வளவு பட்ஜெட் என்று எல்லோரும் அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று: இந்தத் தொடரில் சிரிப்பு எங்கே குடியிருக்கிறது? வசனத்திலா, கோட்டிலா, ஆட்களின் குணத்திலா, சிக்கிக்கொள்ளும் சூழ்நிலையிலா? அதற்குப் பதில் தெரிந்துவிட்டால் மற்ற முடிவுகளில் பாதி தானாக விழும். தெரியாமல் இறங்கினால், ஆட்கள் எல்லாம் அச்சு அசலாக இருந்தும் சிரிப்பு மட்டும் வராத ஒரு படம் கிடைக்கும். அப்படி வந்த படங்களைப் பார்த்து மனம் நொந்த வாசகர்களில் நானும் ஒருவன், அதனால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

ஒரே ஆல்பத்தை எடுத்துக்கொள்வது

இதற்கு ஆஸ்டெரிக்ஸைவிட நல்ல பாடம் கிடைக்காது, ஏனென்றால் அந்த ஒரே தொடரில் ஏறக்குறைய எல்லா வழிகளும் முயன்று பார்க்கப்பட்டிருக்கின்றன. 1959இல் பிரெஞ்சு வார இதழான 'பிலோத்'தில் ஆரம்பித்த தொடர். ரோமானியர்களுக்கு அடங்காத ஒரு சின்னக் கிராமத்தின் கதை; அதன் வீரன் ஆஸ்டெரிக்ஸ், பலசாலி நண்பன் ஒபெலிக்ஸ். எழுத்து ரெனே கோஸினி, ஓவியம் ஆல்பெர் உதெர்ஸோ. ஓர் ஆல்பத்தில், அதாவது ஒரு முழுக் கதை கொண்ட புத்தகத்தில், கதை 44 பக்கம் ஓடும்.

முதல் படம் 1967இல் வந்தது. பெல்ஜியத்தின் பெல்விஷன் நிறுவனம் முதல் ஆல்பத்தை எடுத்துக்கொண்டு, படைப்பாளிகள் இருவருக்கும் தெரியாமலேயே தயாரித்த படம். சுமார் 68 நிமிடம். கதை இருக்கிறது, ஆட்கள் இருக்கிறார்கள், வசனமும் பெரும்பாலும் இருக்கிறது. ஆனால் கட்டங்களை வரிசையாகத் தொங்கவிட்டு ஒவ்வொன்றாக ஆட்டிக் காட்டியதுபோல் இருக்கும். கதை நகர்கிறது, சிரிப்பு நகரவில்லை. கோஸினிக்கும் உதெர்ஸோவுக்கும் அது பிடிக்கவில்லை. அடுத்த ஆண்டே கிளியோபாத்ரா ஆல்பத்தைப் படமாக்கும்போது அவர்களே இயக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார்கள்.

அங்கே என்ன மாறியது என்பதற்கு ஒரு காட்சி போதும். ஆல்பத்தில் வில்லன்கள் விஷம் கலந்த கேக்கைக் கிளியோபாத்ராவுக்கு அனுப்பி, பழியை நம் ஆட்கள் மேல் போடுவார்கள். கதைக்கு வேண்டிய சின்னத் திருப்பம், அவ்வளவுதான். படத்தில் அந்தக் கேக் செய்வதே ஒரு முழுப் பாட்டாகிவிடுகிறது: என்னென்ன விஷம், எவ்வளவு, எப்படிக் கிளறுவது என்று சமையல் குறிப்பு பாடிக்கொண்டே செய்கிறார்கள். ஆல்பத்தில் அந்தப் பாட்டு இல்லை. மூலத்துக்கு உண்மையாக இருந்த படம் என்று பேர் வாங்கியதும் இந்தப் படம்தான். தாளமும் பாட்டும் காகிதத்தில் முடியாத காரியம், திரையில் முடியும். முடிகிற இடத்தில் கோஸினி அதைப் பயன்படுத்திக்கொண்டார். தான் எழுதியதைத் தானே மாற்ற அவருக்குக் கூச்சம் இருக்கவில்லை.

அப்புறம் 2014. தொடரின் முதல் கம்ப்யூட்டர் அனிமேஷன் படத்துக்கு 1971இல் வந்த ஆல்பம் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். அலெக்ஸாந்த்ர் ஆஸ்தியேயும் லூயி க்ளிஷியும் இயக்கினார்கள். தேர்வு அபாரம். கிராமத்தைச் சண்டையில் ஜெயிக்க முடியாத சீஸர், பக்கத்துக் காட்டை அழித்து ரோமானியர்களுக்கு அடுக்குமாடிக் குடியிருப்பு கட்டுகிறார். இந்தக் கதைக்குள்ளேயே ஏணி இருக்கிறது. மரத்தைப் பிடுங்குகிறார்கள்; மந்திர விதையால் அடுத்த நிமிடம் மரம் முளைக்கிறது. குடித்தனக்காரர்கள் வந்து சேர்கிறார்கள். அவர்களுக்கு விற்கிற ஆசையில் கிராமத்தார் ஒவ்வொருவராகக் கடை திறக்கிறார்கள். ஒவ்வொரு படியும் முந்தியதைவிடப் பெரிய கூத்து. படத்துக்கு வேண்டிய ஏற்றம் ஆல்பத்திலேயே தயாராக இருந்தது. திரைக்கதை செய்தது என்னவென்றால், குடிவந்த ஒரு ரோமானியக் குடும்பத்தையும் அவர்களுடைய சின்னப் பையனையும் சேர்த்து, இரு தரப்புக்கும் நடுவே ஒரு பாசத்தை வைத்தது. 85 நிமிடத்துக்கு அது போதுமானதாக இருந்தது.

ஆகவே ஒரே ஆல்பம் என்ற வழிக்கு ஒரு நிபந்தனை உண்டு: அந்த ஆல்பத்தின் சிக்கல் தானாக வளர வேண்டும். 'அவர்கள் ஓர் ஊருக்குப் போனார்கள், அங்கே இவரைப் பார்த்தார்கள், அப்புறம் இன்னோர் ஊர்' என்று போகிற பயணக் கதைகள் படிக்க எவ்வளவு சுவையாக இருந்தாலும், திரையில் நாற்பதாவது நிமிடத்தில் தொய்ந்துவிடும். வாசகருக்குப் பிடித்த ஆல்பம் எது, அதிகம் விற்றது எது என்ற கணக்கு இங்கே உதவாது.

பல ஆல்பங்களைத் தைப்பது

2011இல் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் எடுத்த டின்டின் படம் இந்த வழியில் போனது. டின்டின் என்ற இளம் பத்திரிகையாளரின் சாகசங்களை வரைந்த ஹெர்ஜேயின் மூன்று கதைகளிலிருந்து துணி எடுத்துத் தைத்தார்கள். புதையலும் பழைய கப்பலின் மாதிரியும் இரண்டு ஆல்பங்களில் தொடர்ச்சியாக வருபவை. அவற்றோடு இன்னொரு ஆல்பத்தைச் சேர்த்ததற்குக் காரணம், டின்டினும் கேப்டன் ஹேடக்கும் முதன்முதலாகச் சந்திப்பது அதில்தான். அந்தச் சந்திப்பு இல்லாவிட்டால் படத்துக்கு நட்பு இல்லை. புதையல் மட்டும் இருக்கும்.

தைக்கும்போது வில்லன் ஒருவர் தேவைப்பட்டார். மூலத்தில் கப்பல் மாதிரிகளைச் சேகரிக்கும் ஒரு சாதாரண ஆளாக வந்துபோகிற சக்ஹாரினைப் பெரிய வில்லனாக்கினார்கள். திரைக்கதைக்கு இது நல்ல வேலைதான். ஆனால் நகைச்சுவையின் பக்கம் நின்று பார்த்தால் தையல் வழிக்கு ஒரு விலை இருக்கிறது. மூன்று கதைகளையும் இணைக்க முடிச்சு மேல் முடிச்சு போட வேண்டியிருக்கிறது, அதை விளக்க வசனம் வேண்டியிருக்கிறது, விளக்கம் நடக்கிற இடத்தில் யாரும் சிரிப்பதில்லை. ஹேடக் குடித்துவிட்டுத் தடுமாறுவதும், ஒரே ஜாடையுள்ள இரண்டு துப்பறிவாளர்கள் படியில் உருளுவதும் ஆற அமர நடக்க வேண்டிய விஷயங்கள். கதைக்கு அவசரம் வந்துவிட்டால் முதலில் பலியாவது அந்த ஆற அமரத்தான். சாகசம் முக்கால், சிரிப்பு கால் என்ற தொடர்களுக்குத் தையல் சரி. சிரிப்பே பிழைப்பாக இருக்கும் தொடருக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

புதுக் கதை எழுதுவது

வாசகர்கள் அதிகம் பயப்படுவது இந்த வழிக்குத்தான். "நம்ம ஆட்களை வைத்து எவனோ எதையோ எழுதியிருக்கிறான்" என்ற கோபம் நியாயமானது. ஆனாலும் ஆஸ்டெரிக்ஸ் படங்களில் எனக்கு மிகப் பிடித்தது, எந்த ஆல்பத்திலிருந்தும் எடுக்காமல் 1976இல் திரைக்கென்றே எழுதப்பட்ட பன்னிரண்டு சோதனைகள் படம்தான். எழுதியவர்களில் கோஸினியும் உதெர்ஸோவும் இருந்தார்கள் என்பதை மறக்கக்கூடாது.

அதில் ஒரு சோதனை: பல மாடி அரசு அலுவலகம் ஒன்றுக்குள் போய் 'ஏ38' என்ற அனுமதிச் சீட்டை வாங்கி வர வேண்டும். அவ்வளவுதான். முதல் ஜன்னலில் இருப்பவருக்குக் காது கேட்காது. அடுத்தவர் வேறு மாடிக்கு அனுப்புவார். அங்கே போனால் இன்னொரு படிவம் கேட்பார்கள், அந்தப் படிவத்துக்கு வேறொரு ஜன்னல். படி ஏறி இறங்கி ஆஸ்டெரிக்ஸுக்கும் ஒபெலிக்ஸுக்கும் பைத்தியம் பிடிக்கும் நிலை. அடித்தே எல்லாவற்றையும் ஜெயிக்கிற ஒபெலிக்ஸின் பலம் இங்கே சல்லிக்காசு பெறாது. கடைசியில் ஆஸ்டெரிக்ஸ் ஒரு காரியம் செய்கிறான்: இல்லாத ஒரு சீட்டைக் கேட்கிறான். 'ஏ39', புதிய சுற்றறிக்கை 'பி65'-இன்படி. அந்தச் சுற்றறிக்கை நமக்கு வரவில்லையே என்று அலுவலகமே ஒருவரை ஒருவர் கேட்டு ஓட ஆரம்பிக்கிறது. அந்தக் களேபரத்தில் ஏ38 கைக்கு வந்துவிடுகிறது.

இந்தக் காட்சியை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், காமிக்ஸில் இதை இவ்வளவு நன்றாகச் செய்ய முடியாது. ஓட்டம், திரும்பத் திரும்ப அதே படிக்கட்டு, குரல்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுவது, வேகம் கூடிக்கொண்டே போவது எல்லாம் நேரத்தைக் கையில் வைத்திருக்கும் கலைக்கே உரியவை. ஆனால் ஆட்கள் அதே ஆட்கள். ஆஸ்டெரிக்ஸின் தந்திரம் ஆல்பத்தில் இருக்கும் அதே தந்திரம். பலத்தால் முடியாத இடத்தில் புத்தி என்பது அந்தத் தொடரின் ரத்தத்திலேயே இருக்கிறது. கதைதான் புதிது, ரத்தம் பழையது. இப்படிச் செய்ய முடிந்தால் புதுக் கதையைவிடச் சிறந்த வழி இல்லை.

ஆட்களை உள்ளும் புறமும் அறிந்த ஒருவர் எழுதும் அறையில் இல்லாவிட்டால், இதைவிட மோசமான வழியும் இல்லை. வெளியாட்கள் எழுதும்போது பெரும்பாலும் நடப்பது, பாத்திரங்களின் வாய்க்குள் அந்த வருடத்து ஜோக்குகளைத் திணிப்பது. ஐந்து வருடத்தில் படம் ஊசிப்போகும்.

துணுக்குகளைச் சரமாகக் கோர்ப்பது

நாளிதழில் வரும் நாலு கட்டத் துணுக்குத் தொடர்களுக்கு ஆல்பமும் கிடையாது, கதையும் கிடையாது. அவற்றை என்ன செய்வது?

இஸாவோ தகாஹதா 1999இல் ஒரு துணிச்சலான பதில் சொன்னார். ஹிசாய்ச்சி இஷீயின் யமாதா குடும்பத் துணுக்குகளை எடுத்து, கதையே வைக்காமல், துணுக்குகளைத் துணுக்குகளாகவே கோர்த்து 104 நிமிடப் படம் செய்தார். டிவி சேனலுக்காகக் கணவனும் மனைவியும் மல்லுக்கு நிற்பது, மகளைக் கடையில் மறந்துவிட்டு வருவது என்று வீட்டுக்குள் நடப்பவைதான் எல்லாம். நீர்வண்ணம் தோய்ந்த, ஓரங்கள் பாதி காலியாக விடப்பட்ட ஓவியங்கள். அந்தத் தோற்றத்துக்காகவே கிப்லி ஸ்டுடியோ முதன்முறையாக முழுப் படத்தையும் கம்ப்யூட்டரில் வண்ணம் தீட்டிச் சேர்த்தது. பார்க்கப் பார்க்க மனம் இளகும் படம். வசூலில் தோற்றது. காரணம் புரிகிறது: ஒவ்வொரு துணுக்கும் முடிந்ததும் பார்ப்பவர் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். காலையில் காபியோடு ஒரு துணுக்கு என்றால் இனிக்கும். ஒரே மூச்சில் நாற்பது என்றால் களைப்பு வரும்.

இதற்கு ஒரு நடுவழியும் உண்டு, அதை 2015இல் வந்த பீனட்ஸ் படத்தில் பார்க்கலாம். சார்லஸ் ஷுல்ஸ் 1950 அக்டோபரிலிருந்து 2000 பிப்ரவரி வரை பீனட்ஸ் என்ற இந்தத் தொடருக்குத் தனியொருவராக 17,897 துணுக்குகள் வரைந்தார். படத்தின் திரைக்கதையை எழுதியவர்களில் அவருடைய மகனும் பேரனும் உண்டு. அவர்கள் பெரிய கதை எதுவும் கட்டவில்லை. தொடரின் நாயகனான சிறுவன் சார்லி பிரவுனுக்கு ஒரே ஒரு ஆசையைக் கொடுத்தார்கள்: எதிர்வீட்டுக்குக் குடிவந்த சிவப்பு முடிச் சிறுமி தன்னை நல்லவிதமாகப் பார்க்க வேண்டும். அந்த ஆசையில் துணுக்குகளைக் கோர்த்தார்கள். கலை நிகழ்ச்சியில் மந்திர வித்தை காட்டத் தயாராகிறான், ஆனால் மேடையில் சொதப்பும் தங்கையைக் காப்பாற்ற மாடு வேஷம் போட்டு இறங்க வேண்டியதாகிறது. பரீட்சையில் நூற்றுக்கு நூறு வாங்கி ஊரே கொண்டாடும்போது அது தன் விடைத்தாள் இல்லை என்று தெரிகிறது, மேடையிலேயே ஒத்துக்கொள்கிறான். ஒவ்வொன்றும் தனித்தனியாக ஷுல்ஸின் நாளிதழ்த் துணுக்கில் வந்திருக்கக்கூடியது. ஆசை ஒன்று என்பதால் அடுத்தது என்ன என்று நாம் காத்திருக்கிறோம்.

துணுக்குத் தொடர் வைத்திருப்பவர்களுக்கு இந்த வழியைத்தான் சொல்வேன். அதற்கும் முன்னால், இது படமாகத்தான் வர வேண்டுமா, பத்து நிமிட எபிசோடுகளாக வந்தால் போதாதா என்று ஒருமுறை மனசாட்சியோடு கேட்டுக்கொள்வது நல்லது. பீனட்ஸே முதலில் 1965இல் அரை மணி நேரத் தொலைக்காட்சி நிகழ்ச்சியாகத்தான் நிலைத்தது. திரையரங்குக்கு வந்தது 1969இல்.

முடிவே இல்லாதவர்களுக்கு முடிவு

எந்த வழியில் போனாலும் ஒரு சிக்கல் வந்தே தீரும். காமிக்ஸ் நகைச்சுவைப் பாத்திரங்கள் மாறுவதில்லை. மாறாததால்தான் அவர்கள் நமக்குப் பிடித்தவர்கள். படமோ யாராவது மாறினால்தான் முடிந்ததுபோல் தோன்றும்.

ஷுல்ஸின் துணுக்குகளில் சார்லி பிரவுன் அந்தச் சிறுமியோடு பேசியதே இல்லை. அவள் முகத்தையும் ஷுல்ஸ் காட்டவில்லை. ஏறக்குறைய நாற்பது வருட ஏக்கம். படத்தில் அவள் முகம் தெரிகிறது, அவனோடு பேசுகிறாள், அவனைப் பாராட்டுகிறாள். இதை ஏற்காத வாசகர்கள் இருக்கிறார்கள். முகத்தைக் காட்டியதில் எனக்கும் வருத்தம் உண்டு. ஆனால் 88 நிமிடம் அவனோடு கூடவே நடந்த ஒரு குழந்தையை வெறுங்கையோடு வீட்டுக்கு அனுப்ப முடியாது என்பதும் சரியாகப் படுகிறது. அவர்கள் செய்த இன்னொரு காரியம் புத்திசாலித்தனமானது. லூசி என்ற சிறுமி பந்தைப் பிடித்துக்கொண்டு, சார்லி உதைக்க ஓடிவரும்போது வெடுக்கென்று இழுக்கும் அந்தப் பழைய வருடாந்திர ஜோக்கைக் கதைக்குள் வைக்காமல், பெயர்ப் பட்டியல் ஓடும் இடத்துக்குத் தள்ளிவிட்டார்கள். கதைக்குள் அவன் ஜெயித்துவிட்டான். கதை முடிந்த பின் மறுபடி அதே சார்லி பிரவுனாக மல்லாந்து விழுகிறான்.

ஓடும் ஜோக்குகள் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். ஆஸ்டெரிக்ஸில் கடற்கொள்ளையர் கப்பல் ஆல்பத்துக்கு ஆல்பம் மூழ்கும். ஆல்பங்களுக்கு நடுவே மாதங்கள் ஓடும் என்பதால் அது ஒவ்வொரு முறையும் இனிக்கிறது. ஒன்றரை மணி நேரத்துக்குள் மூன்று முறை மூழ்கினால், மூன்றாவது முறை வேறு மாதிரி மூழ்க வேண்டும்.

கோடு, குரல்

தோற்றத்தில் தேர்வு பொதுவாக மூன்று: கையால் வரைந்த கோடு, முப்பரிமாண உருவம், கோட்டைப்போல் நடந்துகொள்ளும் முப்பரிமாணம். மூன்றாவதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் பலருக்கு அதன் சிரமம் தெரியாது.

சார்லி பிரவுனின் தலையை எடுத்துக்கொள்ளுங்கள். முன்னாலிருந்து பார்த்தால் ஒரு வட்டம், பக்கவாட்டில் பார்த்தாலும் வட்டம்தான். ஆனால் மூக்கும் காதும் கண்ணும் ஒவ்வொரு கோணத்திலும் வேறு வேறு இடத்தில் இருக்கும். காகிதத்தில் அது யாருக்கும் உறுத்தாது. அதையே ஒரு பொம்மையாகச் செய்து மெதுவாகத் திருப்பினால் முகம் விகாரமாகிவிடும். 2015 படத்தைச் செய்த புளூ ஸ்கை ஸ்டுடியோ, தலையைத் திருப்புவதையே விட்டுவிட்டது. ஒரு கோணத்திலிருந்து இன்னொரு கோணத்துக்கு நடுவில் எதுவும் இல்லாமல் டக்கென்று தாவ வைத்தார்கள். வினாடிக்கு 24 படிகளுக்குப் பதில் 12 படிகளாக அசைத்தார்கள். புருவமும் வாயும் பேனாக் கோடாகவே முகத்தின்மேல் நிற்கும். ஷுல்ஸின் நடுங்கும் பேனாவுக்கு அவர்கள் கொடுத்த மரியாதை அது. டின்டின் படத்தில் நடிகர்களின் அசைவைப் பதிவு செய்து தோலும் முடியும் உண்மைபோல் செய்தார்கள். நுட்பத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் ஹெர்ஜேயின் இரண்டு புள்ளிக் கண்கள் இருந்த இடத்தில் ஈரமான நிஜக் கண்களைப் பார்க்கும்போது சிரிப்புக்கு ஒரு கணம் தயக்கம் வருகிறது. படியில் விழுபவருக்கு எலும்பு இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் நமக்கு வலிக்கிறது.

இதனால் நகைச்சுவைக்கு என் ஓட்டு எப்போதும் கோட்டின் பக்கம். கையால் வரையலாம், கம்ப்யூட்டரில் செய்யலாம், ஆனால் மூல ஓவியரின் பேனா எங்கே தடிக்கிறது, எங்கே மெலிகிறது, ஒருவர் கோபப்பட்டால் எத்தனை கோடு போடுகிறார் என்பதைப் பிடித்தாக வேண்டும்.

பணமும் இதற்குத் தடை இல்லை. டின்டினுக்கு ஏறக்குறைய 13.5 கோடி டாலர் செலவானது, பீனட்ஸுக்குச் சுமார் 10 கோடி. தன் தொலைக்காட்சித் தொடரின் எளிய இருபரிமாணத் தோற்றத்தையே வைத்துக்கொண்ட டீன் டைட்டன்ஸ் கோ படம் 2018இல் சுமார் 1 கோடி டாலரில் முடிந்து 5 கோடிக்கு மேல் வசூலித்தது. 2017இன் கேப்டன் அண்டர்பேன்ட்ஸ் 3.8 கோடி. அதில் சண்டைக் காட்சியின் ஒரு பகுதி, புத்தகத்தில் இருப்பதுபோல் பக்கத்தை முன்னும் பின்னும் புரட்டி ஆட்டும் விளையாட்டாகவே வருகிறது. செலவும் குறைவு, புத்தகம் படித்த பிள்ளைகளுக்கு அதுதான் அதிகச் சிரிப்பு.

குரல் இன்னும் நுட்பமான சமாசாரம். பேச்சுக் குமிழியைப் படிக்கும்போது ஒவ்வொருவரும் தன் காதுக்குள் ஒரு குரலைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். எந்த நடிகரைப் போட்டாலும் பாதிப் பேருக்கு அது தப்பாகத்தான் கேட்கும். புகழ்பெற்ற குரலைப் போட்டால் கூடுதல் ஆபத்து, பாத்திரம் மறைந்து நடிகர் தெரிவார். சொல்லாமல் விடுவதும் ஒரு வழி என்பதை மறந்துவிடுகிறோம். காமிக்ஸில் ஸ்னூப்பி நாய் வார்த்தைகளால் யோசிக்கும். பாதி ஜோக்குகள் அதன் நினைவுக் குமிழியில்தான் இருக்கும். அனிமேஷனுக்கு வந்தபோது அந்த வார்த்தைகள் அத்தனையையும் விட்டுவிட்டார்கள். அவற்றை இயக்கிய பில் மெலென்டெஸ் தன் வாயாலேயே எழுப்பிய குறட்டையும் கெக்கலிப்பும் மட்டும் ஸ்னூப்பியின் குரலானது. வசனம் போன இடத்தை உடம்பு எடுத்துக்கொண்டது: துள்ளல், நடை, நாடகத்தனமான பெருமூச்சு. மெலென்டெஸ் 2008இல் இறந்தார்; 2015 படத்திலும் அவருடைய பழைய ஒலிப்பதிவுகளையே பயன்படுத்தினார்கள். காமிக்ஸில் பெரியவர்கள் அநேகமாகத் தென்படுவதே இல்லை என்பதற்கு ஈடாக, அனிமேஷனில் டீச்சரின் பேச்சு டிராம்போன் ஊதலாக மட்டும் கேட்கும்.

வார்த்தை விளையாட்டில் வாழும் தொடர்களுக்கு இது கடினம். சிலேடை பேசுபவரின் சிலேடையை எடுத்துவிட்டால் அவர் இல்லை. அப்படிப்பட்ட தொடருக்குப் புதுக் கதை வழியில் போய், சிலேடை வராத இடங்களிலும் சிரிக்க வைக்கும் சூழ்நிலைகளை எழுதிக்கொள்வதுதான் பாதுகாப்பு. இல்லாவிட்டால் வேறு மொழிக்கு டப்பிங் போகும்போது படம் ஊமையாகிவிடும்.

நான் முடிவெடுப்பதானால்

கையில் ஆல்பத் தொடர் இருந்தால், தானாக வளரும் சிக்கலுள்ள ஆல்பம் ஒன்றைத் தேடுவேன். கிடைத்தால் அதை எடுத்துக்கொண்டு மூன்றில் ஒரு பங்கைத் தயங்காமல் திரைக்கென்று மாற்றி எழுதுவேன். கிடைக்காவிட்டால் புதுக் கதைதான், ஆனால் மூலப் படைப்பாளியோ அவரோடு நெடுநாள் வேலை செய்தவரோ எழுதும் அறையில் இருக்கச் சம்மதித்தால் மட்டும். சம்மதிக்காவிட்டால் படத்தையே தள்ளிப்போடுவேன். துணுக்குத் தொடராக இருந்தால் ஒரே ஆசை, அதில் கோர்த்த துணுக்குகள். மூன்று ஆல்பங்களைத் தைக்கும் வேலைக்குப் போகமாட்டேன்.

ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்வேன்: குரல் பதிவுக்கு முன்பே, காட்சிகளை வரிசையாக வரைந்து பார்க்கும் ஸ்டோரிபோர்டு நிலையில் படைப்பாளி முழுப் படத்தையும் பார்க்க வேண்டும். முடிந்த படத்தைக் காட்டிக் கருத்துக் கேட்பதில் பிரயோஜனம் இல்லை. அந்த நேரத்தில் மாற்ற முடியாது, அவராலும் வாய்விட்டுச் சொல்ல முடியாது.

அப்புறம், எந்த வழி என்று இழுபறி வந்தால், வாதம் செய்து முடிவுக்கு வர முயல வேண்டாம். அந்தத் தொடரிலிருந்து எல்லோரும் கொண்டாடும் ஒரு பக்கத்தை எடுத்து, பென்சில் ஓவியங்களையும் அலுவலகத்தில் இருப்பவர்களின் குரலையும் வைத்து மூன்று விதமாக அனிமேட்டிக், அதாவது ஓடவிட்டுப் பார்க்கும் மாதிரிப் படம், செய்யுங்கள். இரண்டு நிமிடம் போதும். தொடரைப் படித்தே இராத பத்துப் பேரை உட்காரவைத்துக் காட்டுங்கள். திரையைப் பார்க்காதீர்கள், அவர்கள் முகத்தைப் பாருங்கள். ரப்பர் படகுத் துணுக்கு என் கைக்கு வந்தால் காக்கை, நாற்காலி, அறைக்குள் அமளி என்று மூன்றையும் செய்து பார்ப்பேன். நாற்காலி எழும்பும்போதும் மனைவி சீட்டைப் படித்துக்கொண்டே இருக்கும் அந்த வழிதான் ஜெயிக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. பத்துப் பேரும் காக்கையைப் பார்த்துச் சிரித்தால், காக்கையைத்தான் வைப்பேன்.